பழைய சைக்கிளும் ஒரு கடற்கரையும்



பிலிமத்தலாவையில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எமது பெண்கள் வட்டம் கூடுவது வழக்கம். கண்டி – கொழும்பு வீதியில் பஸ்களின் ஹோர்ன் சத்தம் ஓயாத ஓர் இடத்தில், ஒரு கட்டடத்தின் பின் அறையில் பாய் விரித்து அமர்ந்து பேசுவோம். வருபவர்களில் பெரும்பாலானோர் ஏதோவொரு வகையில் யுத்தத்தினால் பாதிக்கப்பட்டவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் சிலர். 1977, 1983 வன்செயல்களின் பின்னர் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறி, அங்கும் யுத்தம் துரத்த மறுபடியும் மலையகத்துக்கே திரும்பி வந்தவர்கள் வேறு சிலர்.

அவ்வாறான ஒரு சனிக்கிழமையில், வெளிநாட்டுச் சஞ்சிகையொன்றில் வந்திருந்த ஒரு படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடலோரமாக வளைந்து செல்லும் ஒரு வீதி. அதிலே நரைத்த தலையுடைய ஓர் ஆணும் பெண்ணும் மிகப் பழைய சைக்கிள்களில் போகிறார்கள். உடுப்பும் பழைய காலத்துக் கம்பளிச் சட்டை. இருவர் முகத்திலும் வியர்வை, கூடவே ஒரு சிரிப்பு. இது பழைய சைக்கிள்களுக்கான ஒரு விழா என்றும், இதில் கலந்துகொள்ளப் பணம் கட்டவேண்டும் என்றும் சொன்னேன்.

தோட்டத்திலிருந்து வரும் ஓர் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "காசு கட்டியா மிஸ் இப்பிடிக் கஷ்டப்படுறாங்க? நாங்க சும்மாவே எவ்வளவு கஷ்டப்பட்டோம்!"

எல்லோரும் சிரித்தோம். யாழ்ப்பாணத்து அக்கா மட்டும் படத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்கட ஐயாட்டையும் இப்பிடி ஒரு றலி இருந்தது. 95இல அதைத்தான் தள்ளிக்கொண்டு வெளிக்கிட்டனாங்கள்."

இந்த இரண்டு பேச்சுக்களுமே இக்கட்டுரையை எழுதத் தூண்டின. கஷ்டப்படுவதற்கு ஏன் ஒருவர் பணம் கட்டுகிறார்? எமது வாழ்வில் துயரத்தைச் சுமந்த அதே சைக்கிள், வேறொரு நாளில் மகிழ்ச்சியையும் சுமக்குமா? இவற்றைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

அது என்ன விழா?

இத்தாலி நாட்டின் டஸ்கனிப் பிரதேசத்தில் கையோலே என்றொரு சிற்றூர் உண்டு. திராட்சைத் தோட்டங்களும் குன்றுகளும் நிறைந்த ஊர். அங்கே 1997ஆம் ஆண்டில் ஜான்கார்லோ புரொச்சி என்பவர் ஒரு சைக்கிள் பயணத்தை ஏற்பாடு செய்தார். அதற்கு "லெரோயிக்கா" என்று பெயர். வீரம் நிறைந்தது என்பது அதன் பொருள். முதல் தடவை கலந்துகொண்டவர்கள் 92 பேர் மாத்திரமே. இன்று பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். ஒக்டோபர் மாதத்தில் இது நடைபெறுவது வழக்கம்.

இப்பயணத்திற்கு விசித்திரமான விதிகள் உள்ளன. 1987ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வகைச் சைக்கிளாக இருக்கவேண்டும். கியர் மாற்றும் பிடி ஹான்டிலில் இல்லாமல் கீழே சட்டத்துக் குழாயில் இருக்கவேண்டும். பிறேக் கம்பி ஹான்டிலுக்கு வெளியே தெரியவேண்டும். மிதியில் காலை வாரினால் கட்டும் பழைய முறையே இருக்கவேண்டும். உடுப்பும் அக்காலத்து உடுப்பாக இருந்தால் விரும்பி வரவேற்கப்படும். வழியில் தங்குமிடங்களில் விளையாட்டு வீரர்களுக்கான நவீன பானங்களுக்குப் பதிலாக, அவ்வூர்க் கிராமத்தவர் உண்ணும் பாணும் சூப்பும் கொடுப்பார்கள்.

இதிலே முதலாவதாக வருபவருக்குப் பரிசு என்று எதுவும் இல்லை. அவரவர் தம்மால் இயன்ற வேகத்தில் போகலாம். சில பத்துக் கிலோமீட்டர் தூரமுள்ள பாதையும் உண்டு. 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதையும் உண்டு. எதைத் தெரிவு செய்வது என்பது அவரவர் விருப்பம்.

இதற்குப் பின்னால் ஒரு சமூக நோக்கமும் இருந்தது. டஸ்கனியில் தார் போடாத வெண்ணிறக் கிரவல் வீதிகள் பல இருந்தன. அவை ஒவ்வொன்றாகத் தார் வீதிகளாக மாறி அழிந்துகொண்டிருந்தன. அந்த வீதிகளைக் காப்பாற்ற வேண்டும், அவற்றில் பாடுபட்டு ஓடிய பழைய தலைமுறையை நினைவுகூர வேண்டும் என்பதே ஏற்பாட்டாளர்களின் எண்ணம். களைப்பிலும் ஓர் அழகு இருக்கிறது என்பது அவர்கள் அடிக்கடி வலியுறுத்தும் கருத்து.

கடலோரத்துக்கு வந்த சைக்கிள்கள்

இவ்விழா இத்தாலியோடு நின்றுவிடவில்லை. யப்பான், பிரித்தானியா, தென்னாபிரிக்கா, ஸ்பெயின் எனப் பல நாடுகளுக்கும் பரவியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2015இல் முதன்முதலாக நடந்தது. ஆரம்பத்தில் பாசோ ரோபிள்ஸ் என்ற உள்நாட்டு நகரத்தை மையமாகக் கொண்டிருந்த இப்பயணம், 2019இல் கேம்ப்ரியா என்ற கடலோரச் சிற்றூருக்கு மாறியது. நான் காட்டிய படம் அந்தக் கரையோரத்துப் படம்தான்.

கேம்ப்ரியா, சான்பிரான்சிஸ்கோவுக்கும் லொஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையில் பசுபிக் சமுத்திரக் கரையில் இருக்கிறது. கடலை ஒட்டிச் செல்லும் முதலாம் இலக்க நெடுஞ்சாலை அதன் வழியாகவே போகிறது. அங்குள்ள கடற்கரையொன்றுக்குச் சந்திரகாந்தக்கல் கடற்கரை என்று பெயர். வடக்கே சிறிது தூரத்தில் சான் சிமியன் கரையில், யானைச் சீல்கள் எனப்படும் பெரிய கடல் விலங்குகள் நூற்றுக்கணக்கில் மணலில் படுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். அதே சான் சிமியனில் குன்றின் மேல் ஒரு பெரிய மாளிகை இருக்கிறது. பத்திரிகை முதலாளி ஒருவருக்காக 1919இல் தொடங்கி ஏறத்தாழ 28 ஆண்டுகள் அதனைத் திட்டமிட்டுக் கட்டியவர் ஜூலியா மோர்கன் என்ற பெண். கலிபோர்னியாவில் கட்டடக்கலைஞராக அனுமதி பெற்ற முதல் பெண் அவரே என்பதை எமது வாசகிகள் அறிந்திருப்பது நல்லது.

இவ்வாறான இடத்தில் நடந்ததால், சைக்கிள் விழாவுக்கு வந்த பல தம்பதியர் அதனைத் தமக்கான ஒரு சிறு விடுமுறையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். விழாவுக்கு ஒரு நாள் முந்தியே வந்து, முடிந்தபின் இன்னும் ஒரு நாள் தங்கிப் போவார்கள். கணவன் நீண்ட பாதையிலும் மனைவி குறுகிய பாதையிலும் போகலாம். அல்லது இருவரும் குறுகிய பாதையில் சேர்ந்தே போய்விட்டுப் பின்னேரம் கடற்கரையில் நடக்கலாம்.

இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் இதில் எமக்குப் பயன்படும் ஒரு விடயம் இருக்கிறது. களைப்பு இரண்டு வகைப்படும். ஒன்று எம்மீது திணிக்கப்படும் களைப்பு. விறகு சுமப்பது, கொழுந்துக் கூடை சுமப்பது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது, அகதி முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றது எல்லாம் அவ்வகை. மற்றது நாமே விரும்பித் தெரிந்தெடுக்கும் களைப்பு. இன்றைக்கு இவ்வளவு தூரம் போவேன், இந்த இடத்தில் நிற்பேன், வேண்டாம் என்றால் திரும்பிவிடுவேன் என்று தீர்மானிக்கும் உரிமை அதிலே எம்மிடம் இருக்கிறது. தோட்டத்து அக்கா கேட்ட கேள்விக்கு என்னால் சொல்லக்கூடிய விடை இதுதான். அந்தப் படத்தில் இருந்தவர்கள் கஷ்டத்தை விலைக்கு வாங்கவில்லை. தாமே தீர்மானிக்கின்ற ஒரு நாளை வாங்கியிருக்கிறார்கள்.

எமது சகோதரிகளில் எத்தனை பேருக்கு அவ்வாறான ஒரு நாள் கிடைத்திருக்கிறது? தொழிலுக்குப் போய்வரும் பெண்ணுக்கு வீட்டில் இரண்டாவது வேலைமுறை காத்திருக்கிறது என்பதை ஆர்லி ஹொக்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1989இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். யுத்தத்தினால் குடும்பத் தலைமையை ஏற்ற பெண்ணுக்கோ மூன்றாவது வேலைமுறையும் உண்டு. அலுவலகங்களுக்கு அலைவது, விண்ணப்பம் நிரப்புவது, காணாமற்போனவரைத் தேடுவது ஆகியவை அது.

ஒரு தேனிலவுப் பயணம்

சைக்கிளும் கடற்கரையும் கணவன் மனைவியும் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது நீங்கள் எல்லோரும் பாடசாலையில் படித்த ஒரு பெயர்: மேரி கியூரி. போலந்தில் பிறந்து பாரிஸுக்குப் படிக்க வந்த அவர், 1895 யூலை 26ஆம் திகதி பியர் கியூரியை மணந்தார். ஆடம்பரம் எதுவும் இல்லாத திருமணம். பிறகு ஆய்வுகூடத்துக்கும் போட்டுக்கொண்டு போகலாம் என்பதற்காகக் கடும் நீல நிற உடையொன்றையே மணப்பெண் அணிந்திருந்தார். திருமணப் பரிசாகக் கிடைத்த பணத்தில் இருவரும் இரண்டு சைக்கிள்கள் வாங்கினார்கள். தேனிலவுக்குப் பிரான்சின் மேற்கே பிரெத்தான் கரையோரத்துக்குப் போய், மீனவர் கிராமங்களினூடாகச் சைக்கிளிலேயே சுற்றினார்கள்.

1897இல் முதற்பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் அதே பிரெத்தான் கரைக்குப் போனார்கள். எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்துகொண்டு சைக்கிளில் புறப்பட்ட மேரி, இயலாமற்போய்ப் பாதியில் பாரிஸ் திரும்பவேண்டியதாயிற்று. செப்டெம்பரில் மகள் ஐரீன் பிறந்தாள். (இதை எந்தச் சகோதரியும் பின்பற்றவேண்டாம்!)

அதன் பின்னர் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். 1906 ஏப்ரல் 19ஆம் திகதி மழை பெய்துகொண்டிருந்த பாரிஸ் தெருவொன்றில் குதிரை வண்டி மோதிப் பியர் உயிரிழந்தார். மேரிக்கு அப்போது வயது 38. மூத்தவளுக்கு எட்டு வயது, இளையவள் ஈவ் ஒரு வயதுக் குழந்தை. அரசு கொடுக்க முன்வந்த ஓய்வூதியத்தை வேண்டாம் என்று மறுத்து, கணவர் கற்பித்த இடத்திலிருந்தே கற்பிக்கத் தொடங்கினார். 1911இல் இரண்டாவது நோபல் பரிசு கிடைத்தது. முதலாம் உலக மகாயுத்தத்தில் எக்ஸ்ரே கருவி பொருத்திய வாகனங்களைக் கொண்டுபோய்க் காயப்பட்டவர்களுக்கு உதவினார். மகள் ஐரீனும் பதின்ம வயதிலேயே தாயோடு சேர்ந்து பணிபுரிந்தாள்.

இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கும். இல்லாத ஒன்றும் உண்டு. கணவனோடு சைக்கிளில் சுற்றிய அதே பிரெத்தான் கரைக்கு மேரி பின்னரும் போனார். லார்க்குவெஸ்ட் என்ற சிற்றூரில் கோடைகாலத்தைக் கழித்தார். நண்பர்களோடு கடலில் நீந்தினார். துணையை இழந்தபின் கடலும் தனக்கு இல்லை என்று அவர் எண்ணவில்லை.

எமது சைக்கிளின் கதை

இனி யாழ்ப்பாணத்து அக்காவின் றலிக்கு வருவோம். மலைநாட்டில் சைக்கிள் அவ்வளவாக எடுபடவில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தையும் எமது தோட்டப் பாதைகளையும் கண்டவர்களுக்கு அதன் காரணம் புரியும். ஆனால் குடாநாடு சமதரை. அங்கே றலி, ஹம்பர் போன்ற இங்கிலாந்துச் சைக்கிள்கள் தகப்பனிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் கைமாறி வந்தன. 1990 யூனில் யுத்தம் மீண்டும் வெடித்து எரிபொருளுக்குத் தடை வந்தபோது, குடாநாட்டின் வாழ்க்கை முழுவதும் சைக்கிளின் மேல் ஏறிக்கொண்டது எனலாம். மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். நோயாளியும் கர்ப்பிணியும் கரியரில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, நாவற்குழி வீதியில் நகர்ந்த சனத்தோடு சனமாக ஆயிரக்கணக்கான சைக்கிள்களும் நகர்ந்தன. ஹான்டிலில் பானை, பாரில் பிள்ளை, கரியரில் அரிசியும் உடுப்பும். ஏறி ஓட்ட இடமில்லை, தள்ளிக்கொண்டே போனார்கள். "ஐயா பின்னால நடந்து வந்தவர். நான்தான் சைக்கிளைத் தள்ளினனான். எனக்கு அப்ப பதினாலு வயது" என்றார் அக்கா. அந்தச் சைக்கிள் பின்னர் வன்னியில் கைவிடப்பட்டது. அதைப் பற்றி அன்று வரை அவர் எவரிடமும் பேசியதில்லையாம்.

கடல் கடந்து தமிழ்நாட்டில் வேறொரு கதை நடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் 1991இல் எழுத்தறிவு வகுப்புகளை ஆரம்பித்தபோது, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் பழக்குவதையும் அதனோடு சேர்த்தார். ஏறத்தாழ ஒரு இலட்சம் கிராமப் பெண்கள் பழகியதாகக் கணக்கிடப்படுகிறது. கல்லுடைக்கும் பெண்கள், கூலிப் பெண்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள், முஸ்லிம் யுவதிகள் எல்லோரும் இதில் அடங்குவர். 1992 சர்வதேச பெண்கள் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். பெண்களுக்கான சைக்கிள்கள் போதாமற்போக, ஆண்களுக்கான சைக்கிள்களையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை இருத்தலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. ஊரார் பேசிய ஏச்சுப் பேச்சுக்களையும் கேட்டார்கள். ஆயினும் எவருடைய தயவையும் எதிர்பாராமல் ஓரிடத்துக்குப் போய்வர முடிந்ததையே பெரிய பேறாகக் கருதினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதனை நேரில் சென்று பார்த்து எழுதியிருக்கிறார்.

கடலைப் பற்றி

கடற்கரைக்குப் போவோம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதை நான் அறிவேன். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்க்குக் கடல் உல்லாசத்துக்குரிய இடமல்ல. 2009இல் முள்ளிவாய்க்கால் கரையில் நின்றவர்களுக்கும் அப்படித்தான். அவ்வாறானவர்களை "வாங்க, போனால் மனம் ஆறும்" என்று இழுத்துச் செல்வது தவறு. போகவேண்டுமா, எப்போது, யாரோடு என்பதை அவர்களே தீர்மானிக்கவேண்டும். வீதியோரத்தில் சைக்கிளை நிறுத்தித் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினாலும் அதுவும் ஒரு பயணமே.

இன்னொன்று ஊர்வாய். கணவனை இழந்தவள் சிரித்தால் ஒரு கதை, பூ வைத்தால் ஒரு கதை. காணாமலாக்கப்பட்டவர்களின் மனைவியரின் நிலை இன்னும் கடினம். 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் படங்களை ஏந்தி வீதியோரத்தில் இருந்த பெண்களில் பலர் தம்மை விதவை என்றும் சொல்லமாட்டார்கள். சுமங்கலி என்று மற்றவர்கள் ஏற்கவும் மாட்டார்கள். ஒரு நாள் கடற்கரைக்குப் போய்வந்தால் தேடுவதைக் கைவிட்டதாக அர்த்தமாகிவிடுமோ என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். ஆகாது. தேடுபவளுக்கும் மூச்சுவிட ஒரு நாள் வேண்டும்.

கணவன் உயிரோடிருந்தும் இடைவெளி விழுந்த குடும்பங்களும் பல. ஆண்டுக்கணக்கில் தடுப்பிலோ வெளிநாட்டிலோ இருந்துவிட்டு வந்த கணவனோடு எதைப் பேசுவது என்றே தெரியாமல் இருக்கும் மனைவியர் எமது வட்டத்தில் உண்டு. நேருக்கு நேர் அமர்ந்து பேசச் சொன்னால் வார்த்தை வராது. பக்கத்துப் பக்கத்தில் சைக்கிள் மிதிக்கும்போது முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, மௌனமும் உறுத்தாது. "காத்துப் பலமா அடிக்குது" என்று தொடங்கும் பேச்சு எங்கேயோ போய் நிற்கும்.

மட்டக்களப்புச் சகோதரியொருவர் தன் கதையைச் சொன்னார். அவருடைய கணவர் ஷெல்லடியில் ஒரு காலை இழந்தவர். முன்பு அவர் ஓட்ட இவர் கரியரில் இருந்து கல்லடிக் கடற்கரைக்குப் போவார்களாம். "பிறகு நான் ஓட்டினன், அவர் கரியரில இருந்தார். சனம் பாத்துச் சிரிச்சதுகள் மிஸ். அவருக்கும் முதல்ல வெக்கம். ரெண்டாம் நாள் அவரே மணி அடிக்கச் சொன்னார்." இந்த இடத்தில் அவர் சிரித்தார், எமக்குத்தான் கண் கலங்கியது.

நாம் எப்படிச் செய்யலாம்?

இதற்கு இத்தாலிக்கோ கலிபோர்னியாவுக்கோ போகத் தேவையில்லை. எமது நாட்டிலேயே பழைய சைக்கிளும் கடலும் சேரும் இடங்கள் உண்டு. கண்டியில்தான் ஏ9 வீதி தொடங்குகிறது என்பதை மறந்துவிடவேண்டாம். 2006இல் மூடப்பட்டு யுத்தம் முடிந்தபின் மீண்டும் திறந்த அந்த வீதி எம்மை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை ஊடாகப் பொன்னாலைக்குப் போய், கடல்நீரை ஊடறுக்கும் தாம்போதி வழியாகக் காரைநகரை அடையலாம். அங்கே கசூரினாக் கடற்கரை. நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஏற்றம் இறக்கம் இல்லாத வீதி. கடலும் ஆழம் குறைந்தது.

இவ்வளவு தூரம் இயலாதவர்களுக்கு மட்டக்களப்பு உகந்தது. 1924இல் கட்டப்பட்ட பழைய கல்லடி இரும்புப் பாலம், 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்த பின்னரும் வாவியின் மேல் நிற்கிறது. பாலத்தைத் தாண்டினால் சிறிது தூரத்தில் கடல். சைக்கிள் பழகி ஒரு மாதமானவருக்கும் இந்தத் தூரம் முடியும்.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில ஆலோசனைகள்:

முதலாவது, காலம். கிழக்குக் கரை ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும். ஒக்டோபர் கடைசியிலிருந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் காலை 6 மணிக்கே புறப்பட்டு, மதியத்தில் நிழலில் இருந்து, பின்னேரம் திரும்புவது நல்லது.

இரண்டாவது, பணம். ஒரேயடியாகச் செலவழிக்க எம்மால் முடியாது. ஐந்தாறு பேர் சேர்ந்து இதற்கென்றே ஒரு சிறு சீட்டுப் பிடிக்கலாம். அந்தப் பணத்தில் வேறு எதற்கும் கைவைப்பதில்லை என்று முதலிலேயே பேசிக்கொள்ளவேண்டும். உணவை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம். புட்டும் சம்பலும் கெட்டுப்போகுமுன் சாப்பிட்டுவிடவேண்டும், ரொட்டி தாக்குப்பிடிக்கும்.

மூன்றாவது, சைக்கிள். புதிதாக வாங்கத் தேவையில்லை. வீட்டுப் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிளைத் திருத்துநரிடம் கொடுத்து, பிறேக் கட்டை, ரயர், ரியூப், செயின் ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆசன உயரம் சரியாக இல்லாவிட்டால் முழங்கால் நோகும். சேலைத் தலைப்பும் சுடிதார் சால்வையும் சில்லில் சிக்காமல் முடிந்துகொள்ளுங்கள். பிலிமத்தலாவை, கடுகண்ணாவைச் சரிவுகளில் பழைய பிறேக்கை நம்பி இறங்கவேண்டாம். பஸ்ஸும் லொறியும் விரையும் வீதி அது.

நான்காவதும் முக்கியமானதும், வேலைப் பங்கீடு. சுற்றுலா என்று போய், அங்கேயும் பெண்ணே சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைக் குளிப்பாட்டினால் அது இடம்மாறிய குசினியே ஆகும். கணவனோடு போவதானால் யார் எதைச் செய்வது என்பதைப் புறப்படுமுன் பேசுங்கள். இருவரில் மெதுவாக ஓட்டுபவரின் வேகத்துக்கே மற்றவரும் ஓட்டவேண்டும். பிள்ளைகளை அம்மம்மாவிடமோ அக்காவிடமோ ஒரு நாள் விட்டுப்போவதில் குற்றம் எதுவும் இல்லை.

தனியாக இருக்கும் சகோதரிகள் தோழியோடு போகலாம், வளர்ந்த மகளோடு போகலாம். நால்வராகப் போனால் பாதுகாப்பும் உண்டு, பேச்சுத்துணையும் உண்டு. துணை என்பதற்குக் கணவன் என்ற ஓர் அர்த்தம் மாத்திரம் இல்லையே.

இறுதியாக

அன்றைய கூட்டம் முடிந்து இரண்டு வாரங்களின் பின், சைக்கிள் திருத்தும் கடையொன்றிலிருந்து ஒரு பழைய சைக்கிளை வாடகைக்கு எடுத்து வந்தோம். செயின் கவரில் ஒட்டியிருந்த பெயர் வாசிக்க முடியாதபடி அழிந்திருந்தது. விளையாட்டு மைதானமொன்றில் பழகத் தொடங்கினோம். கற்பித்தவர் யாழ்ப்பாணத்து அக்கா. 52 வயதில், "காசு கட்டியா கஷ்டப்படுறாங்க" என்று கேட்ட தோட்டத்து அக்காவே முதலில் ஏறினார். மூன்று தடவை விழுந்தார். நான்காவது தடவை மைதானத்தின் பாதி தூரம் போய், இறங்கத் தெரியாமல் வேலியில் போய் நின்றார்.

முழங்காலில் சிராய்ப்போடு வந்து அமர்ந்தவரிடம், "நோகுதா அக்கா?" என்று கேட்டேன்.

"நோகுது மிஸ். ஆனா இது நானா வாங்கிக்கிட்டதுதானே" என்றார்.

சீட்டுக்கு இதுவரை ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அடுத்த மே மாதத்தில் கல்லடிக்குப் போவதாகத் தீர்மானித்திருக்கிறோம். மட்டக்களப்புச் சகோதரி தன் கணவரையும் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்து அக்கா இன்னும் முடிவு சொல்லவில்லை. அவரை நாம் வற்புறுத்தவும் இல்லை. ஆனால் சனிக்கிழமை தோறும் மைதானத்துக்கு முதலில் வந்து, சைக்கிளுக்குக் காற்றடித்து வைப்பவர் அவரே.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சைக்கிள் இருக்கக்கூடும். அல்லது அதைப் பற்றிய ஒரு கதை இருக்கக்கூடும். அந்தக் கதையை அருகிலிருக்கும் ஒருவரிடம் இன்று சொல்லிப் பாருங்கள். பயணத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.